ஒன்று விடாமல்

பச்சைக் கோடு பாதி தூரம் வந்து மறுபடியும் நின்றது. 'டொய்ங்' என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டரில் செருகியிருந்த கறுப்பு டிஸ்கின் சின்ன விளக்கு அணைந்துபோனது. அண்ணன்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யாரு அயர்ன் பாக்ஸைப் போட்டது?"

"நான்தான். பக்கத்து வீட்டுக்காரியா வந்து போடுவா?" என்று பெண்டாட்டியின் குரல் மட்டும் வந்தது. "ஆஸ்பத்திரி டவல் அறுபது கிடக்கு. சாயந்திரம் ஆள் வந்து நிக்கும். நீங்களா மடிச்சுக் குடுப்பீங்க?"

"காப்பி ஆகி முடியிற வரைக்கும் அதைத் தொடாதன்னு எத்தனை தடவை சொல்றது? நீ சுவிட்சைப் போட்டா இங்க டிஸ்க் விழுந்துடுது."

"விழுந்தா எடுத்து வைங்க. அதுக்கு எதுக்கு இந்தக் கத்தல்?"

இவளிடம் என்னத்தைச் சொல்ல. அவர் தலையில் அடித்துக்கொண்டு, வயரை உருவி மறுபடி செருகினார். விளக்கு எரிந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலையிலிருந்து இது மூன்றாவது முதலிலிருந்து.

அந்த வீட்டின் முன்னறைதான் கடை. துணியில் எம்பிராய்டரி போட்டுத் தருகிற கடை. பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு முத்திரை, ஓட்டல்காரர்களின் மேஜை விரிப்பு, ஆஸ்பத்திரி டவலில் பெயர், தலையணை உறையில் பூ. நேற்றுவரை அங்கே இரண்டு மிஷின் ஓடியது. இன்றைக்கு ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, நான்கு போல்ட் ஓட்டையோடு கிடக்கிறது. அந்த மிஷின் வாசலில் லாரிமேல் ஏறி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தம்பிக்காரன் தனிக்கடை வைக்கப் போகிறான், ஆறு மணி நேரத் தூரத்தில் வேறு ஊரில்.

சண்டை எதுவும் இல்லை. அதாவது, வாய்விட்டுச் சண்டை எதுவும் இல்லை. ஆளுக்கொரு மிஷின், நூல்கட்டை பாதிப் பாதி என்று பேசி முடித்தாயிற்று. பதினோரு வருஷத்து டிசைன் மட்டும் பாதியாகப் பிரிக்கிற பொருள் இல்லை. "ஒண்ணு விடாம உனக்கும் ஒரு காப்பி குடுத்துடுறேன்டா" என்று அண்ணன்காரர் எல்லோரும் இருக்கும்போதே சொல்லியிருந்தார். சொன்ன வார்த்தை அது. லாரி நாலு மணிக்குக் கிளம்பணும். காப்பி ஆகவில்லையென்றால் தம்பி என்ன நினைத்துக்கொண்டு லாரியில் ஏறுவான் என்பது அவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரோ கிழடு. பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தால்தான் ஓடும். உள்ளே நூல் தும்பும் தூசியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். காலையில் டிஸ்கை முன்பக்க ஓட்டையில் செருகியபோது அது இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டதற்கு, "முன்னாடி செருகினா கரண்ட் பத்தாது, பின்னாடி செருகுங்க" என்றார். பின்னாடி செருக மேஜையை இழுக்க வேண்டியிருந்தது. மேஜையை இழுத்ததில் விசிறி வயர் பிடுங்கிக்கொண்டது. விசிறி நின்றதில் கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துபோனது. புழுக்கம் வேறு. வானம் மூடிக்கொண்டு, பெய்யவும் மாட்டேன் வெயிலடிக்கவும் மாட்டேன் என்று அழும்பு பண்ணியது.

"அயர்ன் பாக்ஸை அணைச்சாச்சு" என்று பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "டவலை நாளைக்கு வாங்கிக்கோன்னு நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்க. எனக்கு வாய் கூசுது."

"சொல்றேன். இப்பப் போ."

நாலாவது தடவை பச்சைக் கோடு மரியாதையாக நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். முக்கால் வந்ததும் திரையில் ஒரு பெட்டி எழுந்து இங்கிலீஷில் என்னவோ சொன்னது. அவர் அதைப் படிக்கவில்லை. எப்போதுமே படிப்பதில்லை. கம்ப்யூட்டர் வாங்கின புதிதில் மெக்கானிக் ஒரு நாள் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஏதாவது பெட்டி வந்தாப் பயப்படாதீங்க. ஸ்கிப்னு இருக்கும், அதை அழுத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க." அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு அவர் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார். கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதிலும் டிக் போட்டுவிட்டால் பெட்டி திரும்பத் திரும்ப வந்து கழுத்தறுக்காது. டிக் போட்டார், ஸ்கிப் அழுத்தினார். கோடு கடைசிவரை ஓடி முடிந்தது.

"முடிஞ்சுது!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வாடா, வந்து எடுத்துக்கோ."

தம்பிக்காரன் வாசலிலிருந்து வந்தான். கயிறு இழுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. கூடவே அவன் பெண்டாட்டி சின்னவளும் வந்தாள். கெட்டிக்காரி. புதுக்கடையில் இனி கம்ப்யூட்டர் வேலை அவளுடையது. ஆறு மாதமாக வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறாள்.

"எண்ணிப் பாத்துடட்டுமா மாமா?" என்றாள்.

"எண்ணும்மா. நல்லா எண்ணு."

அவள் எண்ணவில்லை; மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள், கம்ப்யூட்டரே எண்ணிச் சொன்னது. ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள்.

"இதுல ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு இருக்கு. டிஸ்குல ஆயிரத்து எழுநூத்து ஒம்பதுதான் வந்திருக்கு. நூத்து முப்பத்தேழு குறையுது."

"குறையாதே. கோடு முழுசா ஓடுச்சே."

"குறையுது மாமா."

"பழைய கம்ப்யூட்டர்மா, எங்கயாவது விட்டிருக்கும். அழிச்சிட்டு இன்னொரு தடவை போட்டுடலாம்."

இன்னொரு தடவை போட்டார். அரை மணி நேரம். லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தூத்தல் போடுற மாதிரி இருக்கு" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். பெட்டி வந்தது, டிக், ஸ்கிப். கோடு முடிந்தது. சின்னவள் தட்டினாள். ஆயிரத்து எழுநூற்று ஒன்பது.

இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. தணிந்த குரல்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"மாமா, கம்ப்யூட்டர் கோளாறுன்னா ஒரு தடவை நூறு குறையும், ஒரு தடவை இருநூறு குறையும். ரெண்டு தடவையும் கரெக்டா அதே நூத்து முப்பத்தேழா குறையும்?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

"அந்தக் கொக்கு இருக்கா பாரு" என்றான் தம்பிக்காரன்.

அவன் பெண்டாட்டி தேடினாள். "இல்லைங்க."

"குதிரை?"

"இல்லை."

"ரோஜாக் கொடி? அந்த ஓட்டல்காரங்களுக்குப் போட்டது?"

"அதுவும் வரலை."

தம்பிக்காரன் சுவரில் சாய்ந்துகொண்டான். முகத்தில் ஈயாடவில்லை. கடையில் இருந்த வழக்கம் இதுதான்: தம்பி தாளில் படம் வரைவான். அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊசி எங்கே குத்தணும், நூல் எப்படிப் போகணும் என்று தையலாக மாற்றுவார், பஞ்சிங் என்பார்கள். மிஷினுக்கு நீளப் பெயர் ஆகாது என்பதால் பென் டிரைவில் ஏற்றும்போது வெறும் நம்பர் கொடுப்பார். தம்பி அதை வாங்கிக்கொண்டு போய் மிஷினை ஓட்டுவான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தாளும் நம்பரும்தான். கம்ப்யூட்டர் முன்னால் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"நான் வரைஞ்சது ஒண்ணுமே வரலை" என்றான் மெதுவாக. "சட்டை முத்திரை வந்திருக்கு. டவல் பேரு வந்திருக்கு. எவன் வேணும்னாலும் போடுற பூ வந்திருக்கு. என் கையால வரைஞ்சது மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி வரலை."

"டேய், என்னடா பேசுற?"

"நான் ஒண்ணும் பேசலைண்ணே. உங்க கம்ப்யூட்டர்தான் பேசுது."

"நான் மறைச்சு வச்சிருக்கேங்கிறியா?"

"அதுங்க இல்லைன்னா இந்தக் கடைக்கு ஆள் வராதுன்னு நினைச்சீங்கன்னா, மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம். குடுத்துட்டுப் போயிருப்பேன்."

அண்ணன்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை, முதுகு பிளக்கிறது, மேஜையை இழுத்ததில் கால் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருக்கிறது. இத்தனையும் யாருக்காக? கையில் கிடைத்த மவுஸைத் தூக்கி மேஜைமேல் அடித்தார்.

"என் தலையில இடி விழ! எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டுப் போ. இந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போ. லாரியில இடமிருக்குல்ல, ஏத்து!"

"அவ்வளவு கிழடை நாங்க வச்சு என்ன பண்றது?" என்று சின்னவள் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அண்ணன் பெண்டாட்டி பெரியவள் நான்கு டம்ளர் டீயோடு வந்தாள். யாரும் எடுக்கவில்லை. தட்டை நூல்கட்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"மவுஸை ஏன் அடிக்கிறீங்க? மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"அவன் காலையிலருந்து இதோ வரேன், இதோ வரேன்னுக்கிட்டு இருக்கான்."

"அப்ப போன்லயே கேளுங்க. இருபது வருஷமா நானும் பாக்குறேன், எதையும் ஒழுங்காக் கேக்க மாட்டீங்க, ஒழுங்காச் சொல்லவும் மாட்டீங்க."

மெக்கானிக் எங்கேயோ ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார் போல. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. சின்னவள் போனைச் சத்தமாக வைத்து மேஜைமேல் வைத்தாள்.

"காப்பி ஆகும்போது ஏதாவது பெட்டி வந்துச்சா?" என்றார் மெக்கானிக்.

"வந்துச்சு" என்றார் அண்ணன்காரர். "ஸ்கிப் அழுத்திட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"யாரு படிச்சா? நீங்கதானே பெட்டி வந்தா ஸ்கிப் அழுத்தச் சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"கம்ப்யூட்டர் வாங்கினப்போ."

ஏணிமேல் சுத்தியல் சத்தம் நின்றது. "சார், ஸ்கிப்னா 'இதை விட்டுட்டுப் போ'ன்னு அர்த்தம். மறுபடி காப்பி போடுங்க. பெட்டி வந்ததும் தொடாதீங்க. யாராவது படிங்க."

மறுபடி போட்டார்கள். நான்கு பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள். விசிறி கம்ப்யூட்டருக்கு மட்டும் வீசியது. மற்றவர்களுக்கு வேர்த்து வழிந்தது. பெட்டி வந்தது. சின்னவள் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, பிறகு தமிழில் சொன்னாள்.

"பேர் ரொம்ப நீளமா இருக்காம். போய்ச் சேர்ற இடத்துல அவ்வளவு நீளம் தாங்காதாம். பேரைச் சுருக்கிட்டு வரணுமாம்."

"ஆங், அவ்வளவுதான் விஷயம்" என்றார் மெக்கானிக். "ஃபோல்டர் பேரு, ஃபைல் பேரு எல்லாம் சேத்து இவ்வளவு எழுத்துன்னு ஒரு கணக்கு இருக்கு. தமிழ்ல எழுதினா சீக்கிரம் ரொம்பிடும். அப்படி எவ்வளவு நீளமாத்தான் பேரு வச்சிருக்கீங்க?"

அண்ணன்காரருக்கு ஒரு வழக்கம். குறிப்பு நோட்டு வைத்துக்கொள்ள மாட்டார், வைத்தாலும் தொலைத்துவிடுவார். எந்த நூல், எத்தனை இழுப்பு, எங்கே அறுந்தது என்பதையெல்லாம் டிசைனின் பெயரிலேயே எழுதிவிடுவார். திரையில் பெயரின் முதல் இரண்டு வார்த்தை தெரியும், பாக்கி மூன்று புள்ளியாக நிற்கும். எழுதினதோடு சரி, அவரே திரும்பிப் படித்ததில்லை. திடீரென்று அவருக்கு என்னென்ன எழுதியிருக்கிறோம் என்று ஞாபகம் வந்தது. காதுமடல் சூடானது.

"அதெல்லாம் எதுக்கு, நான் உக்காந்து சுருக்கித் தரேன். நீங்க போய் டீயைக் குடிங்க" என்று மவுஸைப் பிடுங்கப் பார்த்தார்.

சின்னவள் அதற்குள் கொக்கைத் தட்டிவிட்டாள். முழுப் பெயரும் விரிந்தது. அவள் சத்தமாகப் படித்தாள், படிக்கப் படிக்க வேகம் குறைந்தது.

"கொக்கு இரண்டாவது. தம்பி வரைந்தது. முதல் கொக்கு பொம்மை, இது இப்போதுதான் தண்ணீரிலிருந்து காலைத் தூக்கியிருக்கிறது. கழுத்தில் வெள்ளை நூலை இறுக்கக் கூடாது. எனக்கு இந்தக் கை வராது."

"அடுத்தது படி" என்றான் தம்பிக்காரன்.

"வேண்டாம்டா, நேரமாச்சு…"

"படி நீ."

"குதிரை. தம்பி வரைந்தது, காய்ச்சலோடு உட்கார்ந்து. பிடரியில் பழுப்பு நூல் இரண்டு தடவை அறுந்தது. தப்பு என் பஞ்சிங்கில். அவனைத்தான் திட்டிவிட்டேன்." அவள் அடுத்ததைத் தட்டினாள். "ரோஜாக் கொடி. தம்பி வரைந்தது. ஓட்டல்காரர் யார் வரைந்தது என்று கேட்டார். கடையில் வரைந்தது என்றேன். தம்பி என்று சொல்லியிருக்கலாம்."

அண்ணன்காரர் போல்ட் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அப்படித்தான் எங்கேயாவது பார்ப்பார். தம்பிக்காரன் கண் கலங்கும், கட்டிப்பிடிப்பான் என்று பெரியவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. அவனுக்கு வந்தது கோபம்.

"இதை ஏன் கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னீங்க?"

"டேய்…"

"நான் பக்கத்துலதானே இருந்தேன்? மூணு அடி தள்ளி மிஷின்ல நின்னேன். தாளை நீட்டுவேன். வாங்கிப் பாப்பீங்க. 'ம்' அப்படிம்பீங்க. பதினோரு வருஷமா அந்த 'ம்'மைத்தான் வச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம வேலை இவருக்குப் பிடிக்கலை, தம்பியாச்சேன்னு வச்சிருக்காருன்னு நினைச்சேன். ராத்திரி தூக்கம் வராம இவகிட்டப் புலம்பியிருக்கேன், கேளுங்க."

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறிடுமோன்னு…" என்றார் அண்ணன்காரர். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான காரணம் என்று அவருக்கே தெரிந்தது.

"ஏறினா ஏறிட்டுப் போகுது! இதுல ஒண்ணை, ஒரே ஒண்ணைச் சொல்லியிருந்தா இந்த லாரி வந்திருக்காதுண்ணே."

"இப்ப இறக்கிடலாமேடா."

"அங்க கடையைப் பேசியாச்சு. போர்டு எழுதியாச்சு. இவ அம்மா வீட்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு. எங்க இறக்கச் சொல்றீங்க?"

போனிலிருந்து மெக்கானிக் தொண்டையைச் செருமினார். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "சார், பேரைச் சுருக்குனாப் போயிடும்."

"சுருக்கிடட்டுமா?" என்றாள் சின்னவள். "கொக்கு ரெண்டு, குதிரை, கொடின்னு வச்சிட்டா…"

"ஒரு எழுத்துல கை வைக்காத" என்றான் தம்பிக்காரன். "இருக்கிறபடி வேணும் எனக்கு."

"அப்ப டிஸ்குல இருக்கிற ஃபோல்டர் பேரைச் சுருக்குங்க" என்றார் மெக்கானிக். "அதுல என்ன பேரு வச்சிருக்கீங்க?"

அது காலையில் அண்ணன்காரர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து முதல் வேலையாக வைத்த பெயர். பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்து அடித்த பெயர். சின்னவள் அதையும் படித்தாள்.

"தம்பி தனிக்கடை வைக்கப் போகும்போது அண்ணன் தன் கையாலேயே ஒன்று விடாமல் முழுவதும் எடுத்துக் கொடுத்த டிசைன்கள்."

"அதான் சார் கோளாறு" என்று மெக்கானிக் சிரித்தார். "ஒண்ணு விடாமன்னு எழுதினதாலதான் நூத்து முப்பத்தேழு விட்டுப்போச்சு."

வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணன்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். கடைசி எழுத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். டிசைன்கள் போனது. கொடுத்த போனது. ஒன்று விடாமல் போனது. தன் கை போனது, அண்ணன் போனது, தனிக்கடை போனது. 'தம்பி' என்று மட்டும் மிஞ்சியபோது விரலை எடுத்தார்.

"இது போதுமா?"

"தாராளம்" என்றார் மெக்கானிக்.

கோடு ஓடியது. பெட்டி எதுவும் வரவில்லை. காலையிலிருந்து சீக்கிரம் ஓடு, சீக்கிரம் ஓடு என்று அவர் சபித்த கோடு, இப்போது நிற்காமல் ஓடுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கேயாவது நின்று தொலையக் கூடாதா என்றிருந்தது. நிற்கவில்லை. சின்னவள் தட்டிப் பார்த்து, "ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "மாமா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். "போகட்டும்மா. எண்ணிப் பாத்து வாங்குனியே, அதான் சரி" என்றார்.

தம்பிக்காரன் டிஸ்கை ஒரு டவலில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ஆறிப்போன டீயை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தான். "வரேன் அண்ணி" என்றான். அண்ணனைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வாசலில் இறங்கினான். அண்ணன்காரரும் "ம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

தூறல் ஆரம்பித்திருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். லாரி உறுமிக்கொண்டு தெருவில் பின்வாங்கித் திரும்பியபோது, அண்ணன்காரர் கறுத்த நகத்தோடு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

"டேய்! அந்தக் கொக்கு நல்லா இருந்துச்சுடா!"

தம்பிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டினான். "என்னண்ணே? கேக்கலை!"

"கொக்கு! கொக்கு நல்லா இருந்துச்சு!"

எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நின்று பார்த்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றினார். இந்த மனுஷன் தெருவில் சத்தம் போட்டு அவர்கள் யாரும் கேட்டதில்லை.

"எந்தக் கொக்கு?" என்று தம்பிக்காரன் கத்தினான்.

"ரெண்டாவது!" என்று இவரும் கத்தினார். "குதிரையும் நல்லா இருந்துச்சு! அந்த ரோஜாக் கொடி…"

லாரி முனை திரும்பிவிட்டது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் தூறலில் நின்றார். நூற்று முப்பத்தேழில் இரண்டைத்தான் முழுசாகச் சொல்ல முடிந்திருந்தது.

பெரியவள் வாசற்படியில் நின்றிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, முகத்தில் பட்ட தூறலைத் துடைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. அவர் படியேறி வந்ததும் உள்ளே பார்த்துக் கை காட்டினாள்.

"இப்பவாவது அயர்ன் பாக்ஸைப் போடலாமா?"

"போடு" என்றார்.